சுகியாமாவுக்குப் பிறகு டிராகன் குவெஸ்டுக்கு யார் இசை?

கேள்வி: டிராகன் குவெஸ்ட் என்ற ஜப்பானிய வீடியோ கேம் தொடருக்கு ஆரம்பத்திலிருந்து இசையமைத்த கோய்ச்சி சுகியாமா இறந்துவிட்டார். இனி வரும் பாகங்களுக்குப் புதிதாக ஒருவரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும்? அவரைப் போலவே எழுதக்கூடிய ஒருவர் கிடைப்பாரா? கிடைக்காவிட்டால் தொடரின் அடையாளமே போய்விடாதா?

அவரைப் போலவே எழுதக்கூடிய ஒருவரைத் தேடவே கூடாது என்பதுதான் என் பதில். அப்படித் தேடினால் நல்ல நகல் எடுப்பவர் கிடைப்பார், நல்ல இசையமைப்பாளர் கிடைக்க மாட்டார். தொடரின் அடையாளம் என்று நாம் சொல்வதில் சுகியாமாவின் கைவண்ணம் ஒரு பகுதிதான். இன்னொரு பகுதி, அவர் எழுதி வைத்துவிட்டுப் போன சில மெட்டுகள். மூன்றாவது, அந்த மெட்டுகள் கேமுக்குள் எந்த இடத்தில், எந்தக் காரணத்தோடு வருகின்றன என்ற கணக்கு. முதலாவது அவரோடு போய்விட்டது. மற்ற இரண்டும் இருக்கின்றன. புதியவரைத் தேர்வு செய்பவர்கள் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்தவர்களாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

சுகியாமா 1931-இல் பிறந்தவர். ஃபுஜி தொலைக்காட்சியில் இசை நிகழ்ச்சி டைரக்டராக இருந்தார், பாப் பாடல்கள் எழுதினார், விளம்பர இசை செய்தார். ஜப்பானில் பெரிய குதிரைப் பந்தயங்கள் தொடங்கும்போது முழங்கும் இசையில்கூட அவர் எழுதியது உண்டு. 1986-இல் முதல் டிராகன் குவெஸ்ட் வெளிவந்தபோது அவருக்கு வயது 55. சில வினாடிகளில் மனதில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு எழுதுவதில் அதற்குள் பல வருடப் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்தப் பழக்கம், கேம் ஓடிய நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. சுரம் வாசிக்க அந்தக் கருவியில் இருந்தவை மூன்று குரல்கள்தான், அதுபோக இரைச்சலுக்கு ஒன்று. ஆர்கெஸ்ட்ரா பிரம்மாண்டத்துக்கெல்லாம் அங்கே வழியே இல்லை. மெட்டு நின்றால்தான் இசை நிற்கும்.

அந்த முதல் கேமிலேயே ஒரு சின்ன விஷயம் செய்தார். குகைக்குள் இறங்குகிறீர்கள், ஒரு மெட்டு ஒலிக்கிறது. அடுத்த தளத்துக்கு இறங்கினால் அதே மெட்டு கொஞ்சம் தாழ்ந்த சுருதியில், கொஞ்சம் மெதுவாக வருகிறது. இன்னும் ஒரு தளம் இறங்கினால் இன்னும் தாழ்கிறது. புது இசை எதுவும் எழுதவில்லை. கேம் முழுவதும் 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டிய காலம் அது. இருந்ததையே இறக்கி, ஆழத்தைக் காதுக்குக் காட்டினார்.

1987-இல் வந்த இரண்டாவது பாகத்தில் நாயகன் தனியாகக் கிளம்பும்போது வெளிநிலத்தில், அதாவது ஊர்களுக்கு நடுவே நடந்து திரியும் பரப்பில், சற்றுத் துயரமான ஒரு மெட்டு ஒலிக்கும். மூன்றாவது தோழியும் வந்து சேர்ந்து அணி முழுமையான பிறகு வெளியே காலை வைத்தால் மெட்டே மாறியிருக்கும், உற்சாகமாகத் துள்ளும். "இனி நீ தனியாள் இல்லை" என்று யாரும் வசனம் பேசவில்லை, இசை பேசிவிடுகிறது. அப்புறம் 1988-இல் மூன்றாவது பாகம். பழைய கேம் என்பதால் சொல்லிவிடுகிறேன்: கதை முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில் கீழே இன்னொரு நிலம் திறக்கிறது. அங்கே ஒலிப்பது முதல் பாகத்தின் வெளிநில மெட்டு. நிற்கும் இடம் எது என்று முதல் கேமை விளையாடியவர்களுக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். கதையின் மிகப் பெரிய திருப்பத்தை ஒரு பழைய மெட்டின் தோளில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கதாசிரியர் யுஜி ஹோரியும் சுகியாமாவும் ஒரே பக்கத்தில் இருந்ததால்தான் இவை நடந்தன. கேம் முக்கால்வாசி முடிந்த பிறகு வெளியிலிருந்து ஒருவரை அழைத்து, "இத்தனை டிராக் வேண்டும், இந்தத் தேதிக்குள்" என்று பட்டியல் கொடுத்தால் எவ்வளவு பெரிய மேதையாலும் இப்படிச் செய்ய முடியாது. ஆகவே முதல் நிபந்தனை திறமையே இல்லை. கதை காகிதத்தில் இருக்கும்போதே வந்து உட்கார நேரம் உள்ளவராக இருக்க வேண்டும், கதாசிரியரும் அவரை உட்கார விட வேண்டும்.

சரி, எதை மாற்றக்கூடாது? தொடக்க இசை, அதாவது ரசிகர்கள் ஓவர்ச்சர் என்று அழைப்பது, அதில் கை வைக்கக்கூடாது. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அணிவகுத்து வரத் தொடங்கியபோது முதலில் முழங்கியது அதுதான். விடுதியில் தூங்கி எழும்போது வரும் சில வினாடி இசை, நிலை உயரும்போது வரும் எக்காளத் துணுக்கு, இவையும் இருக்க வேண்டும். என் கணக்கில் பட்டியல் இதோடு முடிந்தது. வெளிநிலம், ஊர், அரண்மனை, சண்டை, கடல் எல்லாம் புதியவருடையதாகவே இருக்கட்டும். சுகியாமாவே ஒவ்வொரு பாகத்துக்கும் அவற்றைப் புதிதாகத்தான் எழுதினார். அவர் எதை மாற்றினார், எதை மாற்றவில்லை என்று பார்த்தாலே போதும், எல்லைக்கோடு தெரிந்துவிடும்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. அமெரிக்க ஸ்டுடியோக்களில் பொதுவாக இசையின் உரிமை நிறுவனத்துக்கே போய்விடும், அதனால் அடுத்து வருபவர் பழைய மெட்டைத் தயங்காமல் எடுத்துக் கையாளலாம். சுகியாமா தன் இசையின் உரிமையைத் தன் கையிலேயே வைத்திருந்தவர். புதியவர் ஓவர்ச்சரின் நான்கு சுரங்களை எடுத்துத் தன் சண்டை இசைக்குள் ஒளித்து வைக்க ஆசைப்பட்டால், அதற்கான அனுமதி அவர் பேனாவை எடுப்பதற்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று ஒட்டாமல் கிடக்கும். ஒப்பந்தப் பேச்சு ரசிகர்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். ஆனால் இசை எப்படி ஒலிக்கப்போகிறது என்பதில் பாதி அங்கேதான் முடிவாகிறது.

இன்னொருவரின் தொடரில் எப்படி நுழைவது என்பதற்குச் சுகியாமாவின் வாழ்க்கையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1989-இல் வந்த ஒரு காட்ஸில்லா படத்துக்கு, பயோலாண்டி என்ற எதிரி வரும் படம் அது, அவர்தான் இசை. காட்ஸில்லாவின் அசல் இசை அகிரா இஃபுகுபேவுடையது, 1954-இலிருந்து ஜப்பானியர்களின் காதில் ஊறிப்போனது. சுகியாமா தன் புது இசையை எழுதினார், இஃபுகுபேவின் மெட்டுகளும் அதே படத்தில் ஒலித்தன. தன்னைப் பெரியவராகக் காட்ட பழையதைத் தூக்கி எறியவில்லை, பயந்துபோய் பழையதையே திருப்பி வாசிக்கவும் இல்லை. அவருடைய நாற்காலியில் உட்காரப் போகிறவரிடம் எதிர்பார்க்க வேண்டியதும் இதுவே.

மற்ற தொடர்களில் என்ன நடந்தது என்று பார்த்தால் பயம் இன்னும் குறையும். ஃபைனல் ஃபேண்டஸிக்கு முதல் ஒன்பது பாகங்களுக்கும் நொபுவோ உவேமாட்சு ஒருவரே இசை. 2001-இல் பத்தாவது பாகத்தில் மசாஷி ஹமௌசுவும் ஜுன்யா நகானோவும் அவரோடு சேர்ந்தார்கள். 2002-இல் பதினொன்றாவதில் நவோஷி மிசுதாவும் குமி தனியோகாவும் சேர்ந்தார்கள். 2004-இல் உவேமாட்சு, கேமைத் தயாரிக்கும் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தை விட்டு வெளியேறியபோது ரசிகர்களின் காது ஏற்கெனவே வேறு கைகளுக்குப் பழகியிருந்தது. ஹமௌசு வெளியாள் இல்லை. ஏழாவது பாகத்தின் கடைசிச் சண்டையில் வரும் அந்தப் புகழ்பெற்ற கோரஸில் பாடிய குரல்களில் ஒன்று அவருடையது. பின்னாளில் பதின்மூன்றாவது பாகம் முழுவதும் அவர் கைக்கு வந்தது. இப்படிப் படிப்படியாகக் கைமாற்றுவதுதான் நல்ல வழி.

அதே தொடரில் இடறிய இடமும் உண்டு. 2003-இல் பத்தாவது பாகத்தின் நேரடித் தொடர்ச்சி வந்தது. அதே உலகம், அதே நாயகி, ஆனால் இசை மட்டும் முற்றிலும் வேறு: பளபளக்கும் பாப், ஜாஸ். உவேமாட்சு அதில் இல்லை. தனியாகக் கேட்டால் அந்த இசை ஒன்றும் மோசமில்லை, எனக்குச் சில டிராக் பிடிக்கும். ஆனால் பத்தாவது பாகத்தை முடித்துவிட்டு அதே கடற்கரைக்குத் திரும்பி வருபவருக்கு, பழைய இடம் என்று காது சொல்ல ஒரு இழைகூட கிடைக்கவில்லை. உலகம் புதிதாக இருந்தால் இசை புதிதாக இருக்கலாம். உலகம் பழையதாக இருந்தால் ஒரு மெட்டாவது பழையதாக இருக்க வேண்டும்.

2006-இல் பன்னிரண்டாவது பாகத்துக்கு ஹிதோஷி சகிமோட்டோ வந்தார். உவேமாட்சு மாதிரி முணுமுணுக்க வரவில்லையே என்று அப்போது நிறையப் பேர் முகம் சுளித்தார்கள். அந்தத் தேர்வு ஏன் சரி என்று புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அந்தப் பாகத்தை உருவாக்கிய யாசுமி மட்சுனோவும் சகிமோட்டோவும் 1993-இலிருந்து பல கேம்களில் சேர்ந்து வேலை செய்தவர்கள். கதை நடக்கும் இவாலிஸ் உலகமே 1997-இல் இருவரும் கைகோத்த கேமில் பிறந்தது. ஆக, அந்த உலகத்துக்கு அவர் பழைய ஆள். மட்சுனோ பாதியில் விலகிய பிறகும் இசை தடம் மாறாமல் போனது அதனால்தான் என்பது என் எண்ணம். இன்று அந்த இசையைக் கொண்டாடுபவர்கள் ஏராளம்.

போலந்தின் விட்சர் தொடர் இன்னும் தெளிவான சான்று. 2007-இல் முதல் கேமுக்கு ஆடம் ஸ்கொருபாவும் பாவெல் புவாஷ்சாக்கும் இசையமைத்தார்கள். 2015-இல் மூன்றாவது கேமுக்கு மார்ச்சின் ஷிபிவோவிச்சும் மிகொவாய் ஸ்ட்ரோயின்ஸ்கியும். கூடவே பெர்சிவல் என்ற நாட்டுப்புற இசைக்குழு பழைய ஸ்லாவிய வாத்தியங்களோடு வந்தது. இன்று "விட்சர் இசை" என்றவுடன் யாருக்கும் நினைவு வருவது அந்தப் பெண் குரல்களின் கூவலும் நரம்பு வாத்திய உராய்வும்தான். அதாவது, அந்தத் தொடருக்குத் தன் சொந்தக் குரல் கிடைத்ததே ஆள் மாறிய பிறகுதான். முதல் இருவரின் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் இருந்தவர்தான் ஆன்மா என்பது எல்லா இடத்திலும் உண்மையில்லை என்று சொல்ல வருகிறேன்.

நின்டெண்டோவின் செல்டா தொடரில் கோஜி கொண்டோ 1986-இல் எழுதிய வெளிநில மெட்டு உலகம் அறிந்தது. 2017-இல் அதன் பிரெத் ஆஃப் த வைல்ட் பாகம் வந்தபோது இசைக்குத் தலைமை மனாகா கதாவோகா. நிலமெங்கும் அமைதி, இடையிடையே சில பியானோ சுரங்கள். பழைய மெட்டு எங்கே என்று கோபப்பட்டவர்கள் உண்டு. அது உள்ளேதான் இருக்கிறது: இரவில் குதிரையில் விடாமல் ஓடிக்கொண்டிருந்தால் மெதுவாக, உருமாறி, அந்த மெட்டு எட்டிப்பார்க்கும். தேடிப் போனவருக்குக் கிடைக்கும் பரிசு மாதிரி அதை வைத்திருக்கிறார்கள். டிராகன் ஏஜ் தொடரில் நடந்தது வேறு. 2009-இல் இனான் சூர், 2014-இல் ட்ரெவர் மோரிஸ், 2024-இல் ஹான்ஸ் சிம்மரும் லார்ன் பால்ஃபும். ஒவ்வொருவரும் நல்ல வேலைதான் செய்திருக்கிறார்கள், ஆனால் எல்லாப் பாகங்களையும் கோக்கும் ஒரே மெட்டைச் சொல்லுங்கள் என்றால் ரசிகர்களே தடுமாறுவார்கள். 2014 கேமில் ஜனங்கள் அதிகம் முணுமுணுத்தவை மதுவிடுதிப் பாடகி பாடும் சின்னச் சின்னப் பாடல்கள், அவற்றை எழுதியது ரேனி ஷாக்னி என்ற வேறொருவர். பெரிய பெயரைக் கொண்டுவந்து போஸ்டரில் போடுவதால் மட்டும் தொடர் ஒட்டிக்கொள்ளாது.

இனி தேர்வு முறைக்கு வருகிறேன். பெரும்பாலும் போட்டியாளர்களிடம் டிரெய்லருக்கு ஏற்ற ஒரு இரண்டு நிமிட டெமோ கேட்பார்கள். முரசு, கோரஸ், உச்சம். அதை இன்று ஓரளவு பயிற்சி பெற்ற எவரும் செய்துவிடுவார். கேமில் அந்த மாதிரித் தருணங்கள் எத்தனை வரும்? விளையாடுபவர் பெரும்பகுதி நேரம் நடந்துகொண்டிருப்பார், கடையில் விலை பார்ப்பார், ஊரில் யாரிடமாவது பேச்சுக் கொடுப்பார். நான் தேர்வுக் குழுவில் இருந்தால் கேட்பது இதுதான்: ஒரு சிற்றூருக்கு ஒரு நிமிட இசை, முடிவும் தொடக்கமும் சேரும் இடம் காதுக்குத் தெரியக்கூடாது. ஒரு வெளிநில மெட்டு, இரண்டே குரல்களில், ஆர்கெஸ்ட்ரா ஒலிகள் எதுவும் கூடாது. தூங்கி எழும் இசை போல நான்கு வினாடித் துணுக்கு ஒன்று. இதைக் குழுவே கேட்டு மார்க் போடக்கூடாது. கேமின் சோதனைப் பதிப்பில் ஏற்றி, விளையாடுபவர்களிடம் இசையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் முக்கால் மணி நேரம் விளையாட விட வேண்டும். யார் ஒலியைக் குறைக்கிறார், விளையாடி முடித்து எழுந்து போகும்போது யார் எதை முணுமுணுக்கிறார் என்று பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும்.

இரண்டு குரல் சோதனையை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், டிராகன் குவெஸ்ட் மெட்டுகளுக்கு ஒரு விசேஷக் கட்டாயம் இருந்தது. அந்தக் கால கேம்களில் சில அடிக்கு ஒரு சண்டை வரும். சண்டை முடிந்ததும் வெளிநில மெட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அப்படியானால் அந்த மெட்டின் முதல் சில வினாடிகளை ஒருவர் நூற்றுக்கணக்கான முறை கேட்பார், நடுப்பகுதியை அபூர்வமாகத்தான் கேட்பார். எத்தனை தடவை கேட்டாலும் தேய்ந்துபோகாத மெட்டு வேண்டும் என்பதில் சுகியாமா பிடிவாதமாக இருந்தார். அவருடைய முதல் வரிகளை எடுத்துப் பாருங்கள், எல்லாம் தனியாக நிற்கும். இப்போதைய கேம்களில் அந்தக் கட்டாயம் குறைந்துவிட்டது, ஆனால் அது வளர்த்த ஒழுக்கம் இந்தத் தொடரின் சொத்து.

குறையும் சொல்லியாக வேண்டும். 2017-இல் வந்த டிராகன் குவெஸ்டின் பதினொன்றாவது பாகம் மிக நீண்ட கேம். நிலப்பரப்பு பாலைவனமாகிறது, பனியாகிறது, காடாகிறது, வெளிநில மெட்டு மட்டும் பெரும்பாலும் அதேதான். போதாக்குறைக்கு முதல் பதிப்பில் எல்லாம் சிந்தசைசர் ஒலி. 2019-இல் வந்த விரிவான பதிப்பில்தான் டோக்கியோ மெட்ரோபாலிட்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது கேமுக்குள் வந்தது. ரசிகர்கள் முணுமுணுத்ததில் நியாயம் இருந்தது. நாலைந்து மெட்டுகளில் ஒரு உலகத்தைக் காட்டுவது ஃபேமிகாம் காலத்தில் சாதனை, இன்றைய பரப்புக்கு அது போதவில்லை. புதியவர் நிறைய எழுதக்கூடியவராக இருக்க வேண்டும், அல்லது தன்னோடு இரண்டு மூன்று பேரை வைத்து வேலை வாங்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

பெயர் சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். யோகோ ஷிமோமுரா ஒருவர். கிங்டம் ஹார்ட்ஸ் இசைக்காக அவரைப் பலருக்குத் தெரியும், ஆனால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரக் காரணம் 1996-இல் வந்த சூப்பர் மரியோ ஆர்பிஜி. கொண்டோவின் மரியோ மெட்டுகளும், ஓரிடத்தில் உவேமாட்சுவின் ஃபைனல் ஃபேண்டஸி இசையும் அதில் வருகின்றன. அவற்றின் நடுவே ஷிமோமுராவின் சொந்த மெட்டுகள் கூச்சமில்லாமல் நிற்கின்றன. அடுத்தவர் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று அவருக்குத் தெரியும்.

என் ஓட்டு ஆனால் யாசுனோரி நிஷிகிக்கு. 2018-இல் ஆக்டோபாத் டிராவலர் கேமுக்கு அவர் எழுதியதைக் கேளுங்கள். எட்டு நாயகர்கள், ஆளுக்கொரு மெட்டு. ஒரு நாயகனின் கதையில் பெரிய சண்டை நெருங்கும்போது அவனுடைய மெட்டு பேச்சுக்கு அடியில் எழும், வேகம் கூடும், வசனம் முடியும் நொடியில் அப்படியே சண்டை இசைக்குள் வழுக்கி விழும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளியே இருக்காது. இசையைத் தனித்தனி டிராக்காக நினைப்பவர் இப்படி எழுத மாட்டார், கதையோடு சேர்த்து நினைப்பவர்தான் எழுதுவார். குகையில் சுருதியை இறக்கிய சுகியாமாவின் மூளையும் இப்படித்தான் வேலை செய்தது. மெட்டுகளும் வலுவானவை, பியானோவில் ஒற்றை விரலால் வாசித்தாலும் நிற்கும். ஒரு பாகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பல வருடங்கள் போகும் தொடரில், இன்னும் பல பாகங்களுக்குக் கூட வரக்கூடிய வயதும் அவருக்கு இருக்கிறது.

டிராகன் குவெஸ்டின் பன்னிரண்டாவது பாகம் 2021 மே மாதம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று, 90 வயதில் சுகியாமா காலமானார். 2024 மார்ச்சில் தொடரின் கதாபாத்திரங்களை வரைந்த ஓவியர் அகிரா தோரியாமாவும் போய்விட்டார். அந்த இருவரின் கடைசிப் படைப்பாகவும் ஆகிவிட்ட கேம் இது, அவர்களுக்குத் தலைகுனிவு வராமல் இதைச் செய்ய வேண்டும் என்ற பொருளில் ஹோரி எழுதினார். ஆகவே பன்னிரண்டாவதில் சுகியாமாவின் மெட்டுகளே முன்னால் நிற்கட்டும். புதியவரை அதில் இரண்டாம் நிலையில் சேர்க்க வேண்டும்: சுகியாமா எழுதாமல் விட்ட இடங்களுக்கு, சின்ன ஊர்களுக்கு, கிளைக் கதைகளுக்கு. பெயரை மறைக்கக்கூடாது, தலைப்பிலேயே சுகியாமாவுக்குப் பக்கத்தில் போட வேண்டும். பத்தாவது ஃபைனல் ஃபேண்டஸியில் ஹமௌசுவுக்கும் நகானோவுக்கும் கிடைத்த இடம் அது. பதின்மூன்றாவது பாகத்தை அவரிடம் முழுதாக ஒப்படைக்கும்போது, விளையாடுகிறவர்கள் அவருடைய மெட்டுகள் சிலவற்றை ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்.